விளையாட்டு மேலாண்மைக்குள் வர நினைக்கிறேன்: எதைப் படிப்பது, எங்கே தொடங்குவது?

#1 லிபரோ

எல்லோருக்கும் வணக்கம். வணிகவியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஆறு வருடம் வாலிபால் ஆடினேன். எந்த இடத்தில் ஆடினேன் என்பது பெயரைப் பார்த்தாலே தெரியும்: லிபரோ, பின்வரிசையில் நின்று எதிரணி அடிக்கும் பந்தை எடுப்பவர். போன வருடம் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நடக்கிறேன், ஓடுகிறேன். ஆனால் பழையபடி விழுந்து புரண்டு பந்தெடுப்பது இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆட முடியாது என்றாலும் இந்த உலகத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. விளையாட்டு மேலாண்மை என்று ஒரு படிப்பு இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. அதில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பட்டம் இல்லாமல் உள்ளே வர முடியுமா? ஆடிய அனுபவத்துக்கு மதிப்பு உண்டா? இந்தத் துறையில் இருப்பவர்கள் நேரம் ஒதுக்கிச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

#2 கரும்பலகை

வாருங்கள் தம்பி. 14 வருடமாக இதைக் கற்பிக்கிறேன், அதனால் படிப்புப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

1957-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு அரங்கத்தையோ அணியையோ நிர்வகிக்கத் தெரிந்த ஆளை எங்கே போய்த் தேடுவது, எந்தக் கல்லூரி அப்படி ஆளை உருவாக்குகிறது என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அதற்குப் பதில் இல்லை. ஒன்பது வருடம் கழித்து, 1966-ல், ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இதற்கான முதல் முதுநிலைப் படிப்பை மேசன் தொடங்கினார். அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது.

பாடங்கள் என்று பார்த்தால் நிதி, சந்தைப்படுத்தல், சட்டம், நிகழ்ச்சி நடத்துதல், அரங்க நிர்வாகம், சங்கங்களின் ஆட்சிமுறை, மனிதவளம். பாதி உங்களுக்கு வணிகவியலிலேயே வந்திருக்கும். அப்படியானால் தனியாக எதற்கு ஒரு படிப்பு என்று கேட்பீர்கள். மற்றத் தொழில்களில் இல்லாத சில விசித்திரங்கள் இங்கே இருக்கின்றன, அதனால்தான்.

ஒரு நிறுவனம் போட்டியாளரை ஒழித்துக்கட்டினால் அதற்கு லாபம். விளையாட்டில் போட்டியாளர் ஒழிந்தால் நமக்கு விற்க எதுவுமே இருக்காது. வால்டர் நீல் என்ற பொருளாதார அறிஞர் 1964-ல் குத்துச்சண்டையை வைத்து இதை விளக்கினார். ஜோ லூயிஸ் நிறையச் சம்பாதிக்க வேண்டுமானால் எதிரே மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற பலசாலி நிற்க வேண்டும். எதிராளி நோஞ்சான் என்றால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்துக்கு நாளாக நாளாகக் கூட்டம் குறையும். அமெரிக்க லீக்குகளில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு, போன பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குப் போவது இதனால்தான். சம்பள உச்சவரம்பு, ஒளிபரப்புப் பணத்தைப் பங்கிடுவது எல்லாம் இதே நோக்கத்தில் வந்தவை.

இன்னொரு விசித்திரம், சரக்கின் தரம் உங்கள் கையில் இல்லை. உங்கள் அணி இன்று நன்றாக ஆடும் என்று எந்த மேலாளராலும் உறுதி தர முடியாது. தோற்ற நாளிலும் ரசிகர் திருப்தியாக வீடு திரும்ப வேண்டும். அந்த ஒரு வரியை வைத்தே ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறேன்.

#3 கணக்குப்பிள்ளை

கரும்பலகை சார் சொன்னதோடு பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் ஒரு கிளப்பின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

பெரிய கிளப்புக்கு வருமானம் வரும் வழி மூன்று: ஆட்ட நாள் வசூல், ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சரும் வணிகப் பொருட்களும். சிறிய சங்கத்துக்கு இதில் முதலாவதுகூட இருக்காது. உறுப்பினர் கட்டணம், அணி நுழைவுக் கட்டணம், மானியம், ஒரு சில நன்கொடையாளர்கள், அவ்வளவுதான். தம்பி அநேகமாக இந்த இரண்டாவது வகையில்தான் தொடங்குவார், அதனால் அதையே நன்றாகப் படிக்கட்டும்.

இரண்டு ஒலிம்பிக்ஸை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். 1976 மான்ட்ரியல்: புதிதாகக் கட்டிய பிரமாண்ட அரங்கம், போட்டி தொடங்கியபோதுகூட அதன் கோபுரம் முடியவில்லை. வேலைநிறுத்தங்கள், எகிறிய செலவு. அந்தக் கடனைக் கட்டி முடித்தது 2006-ல். 16 நாள் போட்டிக்கு 30 வருடக் கடன். இதைப் பார்த்து மற்ற நகரங்கள் பயந்தன. 1984 போட்டியை நடத்த லாஸ் ஏஞ்சலஸ் மட்டும்தான் கடைசிவரை களத்தில் நின்றது. பொதுப் பணம் கிடையாது என்று அந்த நகரத்து வாக்காளர்களும் சொல்லிவிட்டார்கள்.

பயண நிறுவனம் நடத்திவந்த பீட்டர் யூபராத் பொறுப்புக்கு வந்தார். முந்தைய 1932 ஒலிம்பிக்ஸுக்குப் பயன்பட்ட அரங்கத்தையே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். வீரர்கள் தங்கப் பல்கலைக்கழக விடுதிகள். புதிதாகக் கட்ட வேண்டியிருந்த நீச்சல் குளத்தையும் சைக்கிள் பந்தயத் தடத்தையும் ஸ்பான்சர்களே கட்டிக்கொடுத்தார்கள். ஸ்பான்சர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு துறைக்கு ஒரே நிறுவனம் என்று வைத்ததில் ஒவ்வொருவரும் கொடுத்த தொகை பல மடங்கானது. கடைசியில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தப் பழைய அரங்கம்தான். வருமானத்தைப் பெருக்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். செலவே செய்யாமல் விட்டதைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். பட்ஜெட் என்று வந்தால் நான் முதலில் கேட்பது, இதைக் கட்டாமல், வாங்காமல் நடத்த முடியுமா என்பதுதான்.

#4 நடுவர் நாற்காலி

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன், மறுபக்கத்தையும் தம்பி கேட்கட்டும்.

ஊர் ஓய்வெடுக்கும் நாளில் உங்களுக்கு வேலை. சனி, ஞாயிறு, பண்டிகை, மாலை நேரம் எல்லாம் போய்விடும். தொடக்கச் சம்பளம் இதே தகுதிக்கு மற்றத் துறைகளில் கிடைப்பதைவிடக் குறைவு. காரணம் எளிது: ஒரு இடம் காலியானால் ஆட்டத்தை நேசிக்கும் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேசத்தைக் காட்டியே சம்பளத்தைக் குறைப்பார்கள். ஒரு கிளப்பில் 11 மாதம் 'பயிற்சி' என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் இருந்தேன். பருவம் முடிந்ததும் என் இடத்துக்குப் பயிற்சி என்ற பெயரிலேயே இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். கோபத்தை விடுங்கள், அந்த 11 மாதத்தில் நான் கற்றது முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிட்டது என்பதுதான் இன்றும் வலிக்கிறது.

ஆட்டத்தை ரசிப்பதும் போய்விடும். நான் பணியாற்றிய எந்த இறுதிப் போட்டியிலும் ஒரு பந்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆட்டத்தின் மேலுள்ள காதல் மட்டும் காரணம் என்றால் வேறு வேலைக்குப் போய்விட்டு ரசிகராகவே இருங்கள். அது தாழ்வான வாழ்க்கை இல்லை.

#5 லிபரோ

அண்ணா, மனம் திறந்து சொன்னதற்கு நன்றி. இரவு முழுக்க யோசித்தேன். ஆட்டத்தைப் பார்க்க முடியாது என்பது என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. நான் ஆடிய காலத்தில் எந்தப் போட்டிக்குப் போனாலும் ஏதாவது ஒன்று குளறுபடியாக இருக்கும். எட்டு மணிக்கு வரச்சொல்லி மதியம் ஒரு மணிக்கு ஆடவிடுவார்கள். உடல் சூடு செய்து, ஆறி, மறுபடி சூடு செய்து... என் முழங்கால் போன ஆட்டமும் அப்படி நான்கு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதுதான். அதனால்தான் கிழிந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இதைச் சரியாகச் செய்ய ஆள் வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்துதான் வந்தது.

#6 மூன்றாம் வாயில்

லிபரோ தம்பி, உங்கள் கடைசிப் பதிவைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். 19 வருடமாக அரங்குகளில் கூட்டத்தையும் வாயில்களையும் பார்த்துக்கொள்கிறேன்.

பணம், சந்தை எல்லாம் சரி. எனக்கு இந்தத் தொழிலின் அடிப்படை வேறு. வந்தவர்கள் வந்தபடியே வீடு போய்ச் சேர வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் ஹில்ஸ்பரோவைச் சொல்வேன். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு கால்பந்து அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நுழையும் பக்கத்தில் சுழல்கதவுகள் குறைவு, வெளியே நெரிசல் கூடிக்கொண்டே போனது. நெரிசலைக் குறைக்க ஒரு பெரிய வெளிக்கதவைத் திறக்கப் போலீஸ் அதிகாரி உத்தரவிட்டார். உள்ளே வந்தவர்களுக்கு நேரெதிரே ஒரு சுரங்கவழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்கு, அதாவது வேலி போட்டுப் பிரித்த, நின்று பார்க்கும் பகுதிகளுக்குப் போகும் வழி. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. சுரங்கவழியை மூடி ஆட்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட யாரும் இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தையும் தள்ளிவைக்கவில்லை. ஆறு நிமிடம் ஆடிய பிறகுதான் நிறுத்தினார்கள். 97 பேர் இறந்தார்கள். போலீஸ் தரப்பு ரசிகர்கள்மேலேயே பழி போட்டது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் தவறில்லை என்று மரண விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆனது.

ஒரு கதவைத் திறப்பது பாதி முடிவுதான். திறந்தால் அவர்கள் எங்கே போவார்கள், அங்கே இடம் இருக்கிறதா, அங்கே நிற்பவருக்குச் செய்தி போய்விட்டதா என்பது மீதிப் பாதி. அட்டவணை மாற்றமோ, டிக்கெட் தள்ளுபடியோ, வீரர் வரும் வழியை மாற்றுவதோ, எந்த முடிவானாலும் எனக்கு இதே கணக்குதான்.

லிபரோ புள்ளி எடுக்க மாட்டார், பந்தைத் தரையில் விடமாட்டார். உங்களுக்கு இந்தப் பக்கம் பொருந்தும் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே பொருந்துமா என்று பார்க்க ஒரு வேலை தருகிறேன். 12 வாலிபால் அணிகள், இரண்டு ஆடுகளங்கள், இரண்டு நாள், நாளுக்கு 10 மணி நேரம் அரங்கம் உங்கள் கையில். ஒரு ஆட்டத்துக்கு, இடைவெளியும் சேர்த்து, ஒரு மணி நேரம் என்று வையுங்கள். போட்டி முறையை முடிவுசெய்து அட்டவணை போட்டுக் காட்டுங்கள்.

#7 லிபரோ

அக்கா, முயற்சி செய்தேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

மொத்த நேரம் 2 களம் × 10 மணி × 2 நாள் = 40 ஆட்டத்துக்கு இடம். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 12×11÷2 = 66 ஆட்டம். முடியாது. நேரடி நாக்-அவுட் என்றால் 11 ஆட்டம்தான், ஆனால் பல அணிகள் ஒரே ஆட்டத்தில் வீட்டுக்குப் போய்விடும்.

அதனால் 6 அணிகள் வீதம் இரண்டு பிரிவு. பிரிவுக்கு 15, ஆக 30 ஆட்டம். பிறகு இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. மொத்தம் 33. ஏழு மணி நேரம் கைவசம் இருக்கும். எந்த அணியும் ஐந்து ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். முதல் நாள் மூன்று சுற்று, களத்துக்கு 9 ஆட்டம். இரண்டாம் நாள் இரண்டு சுற்று, களத்துக்கு 6, அப்புறம் அரையிறுதிகள் ஒரே நேரத்தில், பிறகு இறுதி. அதாவது முதல் நாள் 9 மணி நேரம், இரண்டாம் நாள் 8 மணி நேரம்.

#8 கணக்குப்பிள்ளை

கணக்கு சரி. ஆனால் கைவசம் ஏழு மணி என்பது தாளில் மட்டும்தான். நாளுக்குநாள் பார்த்தால் முதல் நாள் ஒரு மணி, இரண்டாம் நாள் இரண்டு மணி. இறுதிப் போட்டி ஒரே களத்தில் நடக்கும்போது மற்றக் களம் சும்மா கிடக்கும், அதையும் 'மிச்சம்' என்று எண்ணியிருக்கிறீர்கள். நேரத்தைச் சேர்த்துவைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது.

#9 நடுவர் நாற்காலி

இறுதிக்கு வரும் அணி இரண்டாம் நாளில் நான்கு ஆட்டம் ஆடும். 8 மணி நேரத்தில் நான்கு. முழங்காலைப் பற்றி நீங்களே எழுதினீர்கள் தம்பி. ஒரு சுற்றின் கடைசி ஆட்டத்தை ஆடிய அணிக்கு அடுத்த சுற்றின் முதல் ஆட்டம் விழுந்தால் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து இரண்டு ஆட்டம். வரிசையைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. ஆட்டத்துக்கு முதல் நடுவர், இரண்டாம் நடுவர், ஸ்கோர் எழுதுபவர், கோட்டு நடுவர் இருவர் என்று குறைந்தது ஐந்து பேர். இரண்டு களத்துக்குப் பத்துப் பேர். அவர்களை 9 மணி நேரம் இடைவெளி இல்லாமல் நிற்க வைக்கப்போகிறீர்களா? என் பெயரை வைத்தாவது நினைவு வந்திருக்க வேண்டும்!

#10 லிபரோ

அண்ணா, நடுவர்களை நான் எண்ணவே இல்லை. ஆறு வருடம் அவர்கள் முன்னால்தான் ஆடினேன், ஒருமுறைகூட அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று யோசித்ததில்லை. மறுபடி போடுகிறேன்.

மூன்று அணிகள் வீதம் நான்கு பிரிவு. பிரிவுக்கு 3, ஆக 12 ஆட்டம், முதல் நாளில் களத்துக்கு 6. இரண்டாம் நாள் காலிறுதி 4, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 19. முதல் நாள் 6 மணி, இரண்டாம் நாள் 4 மணி. ஆட்டங்களுக்கு இடையே நல்ல ஓய்வு கொடுக்கலாம், நடுவர் குழுவை மாற்றி மாற்றி அனுப்பலாம். குறை என்னவென்றால் நான்கு அணிகள் இரண்டே ஆட்டத்தோடு கிளம்ப வேண்டும்.

#11 மூன்றாம் வாயில்

இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டு அட்டவணையில் எது சரி என்று என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: போட்டி யாருக்காக? பள்ளி வயதுப் பிள்ளைகள் அனுபவம் பெறத்தான் என்றால் இரண்டே ஆட்டத்தில் அனுப்புவது அநியாயம். தோற்ற நான்கு அணிகளுக்கு இரண்டாம் நாள் காலையில் தனியாக, 9 முதல் 12 வரையான இடங்களைத் தீர்மானிக்கும் இடம்பிடிப்பு ஆட்டங்கள் வையுங்கள், அதற்கு நேரம் இருக்கிறது. தேர்வுக்குழு வந்து பார்க்கிற போட்டி என்றால் வீரர்கள் களைப்பில்லாமல் ஆட வேண்டும், அதற்கு ஆட்டங்கள் குறைவாக இருப்பதே நல்லது. ஸ்பான்சர் இறுதியை மாலையில் கேட்பார், அரங்கக்காரர் மாலைக்குள் காலி செய்யச் சொல்வார். அட்டவணை என்பது இவர்கள் எல்லோருக்கும் நடுவே நீங்கள் எடுக்கும் முடிவு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் யார் போகலாம், பயணத்தில் யார் உடன் வருகிறார், ஒரு பிள்ளை புகார் சொன்னால் அது யாரிடம் போகும், இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர்மேல் நடந்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில் 2018-ல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். அவர்களில் பலர் முன்பே சொல்லிப்பார்த்தவர்கள். கேட்டவர்கள் எதுவும் செய்யவில்லை. சங்க நிர்வாகத்தில் உட்காரும் யாரும் இதை மறக்கக் கூடாது.

#12 தடுப்பாட்டம்

இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. ஆனால் லீக் அட்டவணை, டிக்கெட் விற்பனை, மைதான வடிவமைப்பு எல்லாவற்றையும் ஆர்வமாகப் படிப்பேன். ஆடாத பெண்ணை இந்தத் துறையில் மதிப்பார்களா?

#13 மூன்றாம் வாயில்

நானும் ஆடியதில்லை தங்கச்சி. தொடக்கத்தில் 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்டவர்கள் உண்டு. வாயிலில் எத்தனை பேர் நிமிடத்துக்கு நுழைய முடியும் என்று கையில் எண்ணி வைத்திருந்தேன், அதற்கப்புறம் கேட்கவில்லை. லிபரோவுக்கு ஆட்டம் தெரியும், நடுவர்கள் கண்ணில் படவில்லை. உங்களுக்கு ஒருவேளை அவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள்.

#14 ஒப்பந்தம்

நான் விளையாட்டுச் சட்டத்தில் இருக்கிறேன். வழக்கறிஞர் ஆகத் தேவையில்லை, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கதையின் மீதி என்னிடம் இருக்கிறது. கேமரா ஃபிலிம் பிரிவில் கோடாக் நிறுவனம் தயங்கியது, ஃபியூஜி அதிகாரபூர்வ ஸ்பான்சர் ஆனது. பிறகு கோடாக் என்ன செய்தது? போட்டியை ஒளிபரப்பிய ஏ.பி.சி. தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தை வாங்கியது, அமெரிக்கத் தடகள அணிக்கும் ஸ்பான்சர் ஆனது. வீட்டில் இருந்து பார்த்தவருக்கு யார் அதிகாரபூர்வம் என்றே குழம்பியிருக்கும். இன்றைக்கு ஸ்பான்சர் ஒப்பந்தங்கள் ஒளிபரப்பு, அரங்கம், வீரர் உடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசுவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம். சிறிய போட்டியானாலும் 'பேனர் எத்தனை, எங்கே, எத்தனை நாள், போட்டியாளர் நிறுவனத்துக்கு இடம் உண்டா' என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜான் மார்க் போஸ்மன். பெல்ஜியத்தின் சாதாரணக் கால்பந்து வீரர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் பணம் கேட்டு அவரை வேறு அணிக்கு விடவில்லை. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் கட்டணமின்றிப் போகலாம் என்றானதும் ஐரோப்பியக் கால்பந்தின் சம்பளக் கணக்கே புரண்டுவிட்டது. தீர்ப்பு வருவதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது, அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கும்.

வீரர்களின் ஏஜென்ட் ஆக நினைப்பவர்களுக்கு: கால்பந்தில் ஃபிஃபா 2015-ல் கைவிட்ட உரிமத் தேர்வை 2023-ல் மறுபடி கொண்டுவந்தது. 20 கேள்வி, தேர்ச்சிக்கு 75 சதவீதம். விதிப்புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனாலும் ஏராளமானோர் தோற்கிறார்கள், ஏனென்றால் விதிகளை முன்பு படித்திருந்தால்தான் எதை எங்கே தேடுவது என்று தெரியும்.

#15 தடுப்பாட்டம்

காப்பீடும் இதில் வருமா சார்? விம்பிள்டனைப் பற்றி எங்கேயோ படித்தேன்.

#16 ஒப்பந்தம்

வரும். 2003-ல் சார்ஸ் பரவியதற்குப் பின் விம்பிள்டனை நடத்தும் கிளப் பெருந்தொற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்து, வருடா வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிவந்தது. 2020-ல், இரண்டாம் உலகப்போருக்குப் பின் முதல்முறையாகப் போட்டி ரத்தானபோது அந்தக் காப்பீடு தாங்கியது. நடுவில் எத்தனை கூட்டத்தில் யார் யார் 'இது வீண் செலவு' என்று சொல்லியிருப்பார்களோ, அத்தனை முறையும் பதில் சொல்லிப் புதுப்பித்தவரை நான் மனதார மதிக்கிறேன்.

#17 கரும்பலகை

பட்டம் வேண்டுமா என்ற தம்பியின் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் வரவில்லை. நான் ஆசிரியன், ஆனாலும் சொல்கிறேன்: உள்ளே நுழையப் பட்டம் கட்டாயமில்லை. கூட்டமைப்புகளிலும் பெரிய லீக்குகளிலும் மேலே போகும்போது உதவும். ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு முதுநிலைக்கு வரும் மாணவர்கள் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறு தரத்தில் இருக்கும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள், பயிற்சிப் பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அதற்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள்.

அதுவரை இரண்டு திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று எக்செல். இன்னொன்று எழுத்து. கூட்டம் முடிந்த அன்றே யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பத் தெரிந்த இளைஞரை யாரும் விடமாட்டார்கள்.

#18 புள்ளிவிவரம்

தரவுப் பக்கம் ஒரு வரி மட்டும். வீரர்களின் ஆட்டத்தை அலசும் வேலைக்கு எல்லோரும் ஓடுகிறார்கள், இடம் குறைவு. யார் டிக்கெட் வாங்கினார், யார் வாங்கிவிட்டு வரவில்லை, யார் மறுவருடம் புதுப்பிக்கவில்லை என்று பார்க்கும் வேலைக்கு ஆள் தேவை அதிகம். தடுப்பாட்டம் சகோதரி இதைக் கவனிக்கலாம்.

#19 நடுவர் நாற்காலி

தன்னார்வமாக வேலை செய்யப் போகும் இருவருக்கும்: போங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸை 70,000 தன்னார்வலர்கள் தாங்கினார்கள், அது கௌரவமான வேலை. ஆனால் அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். சம்பளம் வாங்குபவர் செய்யும் வேலையை மாதக்கணக்கில் சும்மா செய்யச் சொன்னால் அது தன்னார்வம் இல்லை. எழுத்தில் கேளுங்கள், தரவில்லை என்றால் வெளியே வாருங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

உள்ளே போனதும் அறிய வருவதை வெளியே சொல்லாதீர்கள். 'அவருக்குக் கணுக்கால் வீக்கம், நாளை ஆடமாட்டார்' என்று நண்பரிடம் சொல்வது சாதாரணப் பேச்சு மாதிரித் தோன்றும். பந்தயம் கட்டுபவருக்கு அது பணம். ஒரே வாக்கியத்தில் வேலை போகும்.

#20 லிபரோ

மூன்று மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

நான் முன்பு ஆடிய சங்கத்தில் போய் அட்டவணை போட அனுமதி கேட்டேன். 12 அணிகள்தான், நான்கு பிரிவு முறையை இடம்பிடிப்பு ஆட்டங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். போன வாரம் நடந்தது. நல்லது: எந்த அணியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. நடுவர்களை மூன்று குழுவாகப் பிரித்ததால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதில் ஒரு மூத்த நடுவர் என்னைத் தேடி வந்து கைகொடுத்தார்.

கெட்டது: முதல் ஆட்டமே 25 நிமிடம் தாமதம். இரண்டாம் களத்தின் ஆன்டெனா (வலையின் ஓரங்களில் கட்டும் கம்பி) ஒரு அறைக்குள் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் வரவில்லை. முதல் நாள் மாலை ஒரு வீராங்கனைக்குக் கணுக்கால் பிசகியது. முதலுதவிப் பெட்டி இருந்தது, ஐஸ் இல்லை. இவை இரண்டையும் அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

#21 மூன்றாம் வாயில்

படித்து மிகவும் மகிழ்ந்தேன். சாவிக்கு ஒரு தனித் தாள் வையுங்கள்: எந்த அறை, யாரிடம் சாவி, அவர் வராவிட்டால் யார், இருவர் தொலைபேசி எண்ணும். முந்தின நாள் மாலை ஒவ்வொரு பூட்டையும் நீங்களே திறந்து பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அறிக்கையைச் சங்கத்துக்கு அனுப்பியாச்சா?

#22 லிபரோ

இன்று காலை அவளுடைய பயிற்சியாளரிடம் பேசினேன் அக்கா, நடக்க ஆரம்பித்துவிட்டாள். அறிக்கை நேற்று போய்விட்டது. அடுத்த போட்டிக்கும் என்னையே அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை 14 அணிகள், களம் அதே இரண்டுதான். இரண்டு பிரிவாகப் பிரித்தால் 42 ஆட்டம் வருகிறது, இடம் போதாது. மூன்று மூன்றாகவும் பிரிக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

#23 நடுவர் நாற்காலி

மூன்று அணிகள் கொண்ட பிரிவு இரண்டு, நான்கு அணிகள் கொண்ட பிரிவு இரண்டு என்று வைத்துப் பாருங்கள் தம்பி. 18 ஆட்டம் வரும். நான்கு அணிப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு ஆட்டம் கூடுதல் என்பதால் காலிறுதிக்கு முன் அவர்களுக்குத்தான் அதிக ஓய்வு வேண்டும், அதிலிருந்து தொடங்குங்கள். இந்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை, ஸ்கோர் மேசைக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.